முதல் பைக்: ‘இன்ஷூரன்ஸ் இருக்கு’ என்றால் எது இருக்கு?

கேள்வி: எனக்கு வயது 24. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இதுவரை வீட்டு ஸ்கூட்டரைத்தான் ஓட்டியிருக்கிறேன்; லைசென்ஸும் கியர் இல்லாத வண்டிக்குத்தான். ஆபீஸ் போய்வர ஒரு பழைய பைக் வாங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2021 ஆகஸ்டில் பதிவான ஹோண்டா யூனிகார்ன். “2026 வரை இன்ஷூரன்ஸ் இருக்கு, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்கிறார் உரிமையாளர். இன்னொன்று 2018 ஜூனில் பதிவான புல்லட் 350. அதற்கு இன்ஷூரன்ஸ் முடிந்து ஒரு வருடம் ஆகிறது; ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயரும் இருக்கிறது. என் உயரம் 5 அடி 4 அங்குலம். மனசு புல்லட் பக்கம்தான் போகிறது. எதை வாங்கலாம்? தேர்ட் பார்ட்டி (விபத்தில் எதிராளிக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு) மட்டும் போதுமா? அப்பாவின் ஸ்கூட்டருக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) இருக்கிறது, அதை என் பைக்குக்கு மாற்ற முடியுமா?
- திருச்சி வாசகர்

பதில்: யூனிகார்னை வாங்குங்கள். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் லைசென்ஸை ஒழுங்கு செய்யுங்கள். இந்த இரண்டு வண்டியில் எதையும் ஓட்ட உங்களுக்கு இப்போது சட்டப்படி தகுதி இல்லை.

கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் கியர் வண்டிக்குச் செல்லாது. அதை வைத்துக்கொண்டு பைக்கை எங்காவது மோதினால், உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கேட்கும் கிளெய்மை நிறுவனம் முதல் பக்கத்திலேயே நிராகரித்துவிடும். எதிராளிக்குக் காயம் பட்டால் நிலைமை இன்னும் மோசம். லைசென்ஸ் விதி மீறப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்பது 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்த வழி. அப்போது பாலிசி இருந்தும் கடைசியில் பணம் கட்டுபவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஆகவே, இருக்கிற லைசென்ஸில் கியர் வண்டியையும் சேர்க்க விண்ணப்பித்து எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வாங்குங்கள். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எல்.எல்.ஆரோடு ஓட்டும்போது நடக்கும் விபத்துக்கும் வண்டிச் சேதப் பாலிசியில் இடம் உண்டு. ஆனால் மோட்டார் வாகன விதி 3-ல் சொன்னபடி ஓட்டியிருக்க வேண்டும்: முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ போர்டு, கூடவே லைசென்ஸ் உள்ள பயிற்றுநர், வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. நண்பரை ஏற்றிக்கொண்டு போய் விழுந்துவிட்டு “எல்.எல்.ஆர். இருக்கே” என்றால் எடுபடாது.

இப்போது வண்டிக்கு வருவோம்.

புதிதாக ஓட்டுபவர் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இல்லை. யூ-டர்ன் அடிக்கையில், பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளுகையில், ஜல்லி கொட்டிய ஓரத்தில் கால் ஊன்றுகையில், மேட்டில் சிக்னல் விழுந்து கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டி நின்றுபோகையில்தான் போடுவார்கள். அங்கே வேகத்துக்கு வேலையே இல்லை, எடைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 2021 யூனிகார்ன் 140 கிலோ. புல்லட் 180 கிலோவைத் தாண்டும். நேராக நிற்கும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்ததும், ஒற்றைக் காலால் தாங்க வேண்டிய பாரம் டிகிரிக்கு டிகிரி ஏறும். 140 கிலோவைப் பிடித்து நிறுத்தக்கூடிய சாய்வில் 180 கிலோ உங்களையும் இழுத்துக்கொண்டு விழும்.

உயரத்தையும் பாருங்கள். யூனிகார்னின் சீட் உயரம் 798 மில்லிமீட்டர். 5 அடி 4 அங்குலத்துக்கு இரண்டு முன்பாதமும் தரையில் படும், குதிகால் முழுதாகப் படாமல் போகலாம். அது போதும். ஆனால் ஷூ போட்டுக்கொண்டு, தினமும் மாட்டும் பையையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தபடியே காலால் உந்தி வண்டியைப் பத்தடி பின்னுக்குக் கொண்டு போங்கள். இறங்கித் தனியாகவே சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். இரண்டில் ஒன்று முடியவில்லை என்றாலும் அந்த வண்டி இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது காரணம் பிரேக். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்கிலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்க வேண்டும் என்ற விதி 2019 ஏப்ரல் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உங்கள் யூனிகார்ன் அதற்குப் பிந்தியது, முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் உண்டு. 2018 ஜூன் புல்லட்டில் அது இல்லை. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கை, பயத்தில் முன் பிரேக்கை முழுசாகப் பிடிக்கும். மணல் தூவிய ரோட்டில் ஏபிஎஸ் இல்லாத முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஹேண்டில் திரும்பி வண்டி விழ ஒரு நொடிகூட ஆகாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: யூனிகார்னின் பின் சக்கரம் டிரம் பிரேக், அதற்கு ஏபிஎஸ் கிடையாது. வேகமாக மிதித்தால் பின்பக்கம் இழுக்கத்தான் செய்யும்.

புல்லட் ஆசையில் தப்பில்லை. ஒரு வருடம் கியர் வண்டி ஓட்டிக் கை பழகியபின் அதை வாங்கினால் அதை ரசித்து ஓட்டுவீர்கள்.

யூனிகார்னைப் பார்க்கப் போகும்போது, வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டிங்கில் ஏதோ பிரச்னையை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இது ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டி. சாவியைத் திருப்பியதும் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடச் சந்தேகம், பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஸ்டார்ட் ஆனபின் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, போர் வேலை, அதாவது இன்ஜினைப் பிரித்துச் செய்யும் வேலை, காத்திருக்கிறது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி.

விழுந்த வண்டியா என்பதை பெயின்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், பெயின்ட் அடிப்பது சுலபம். ஹேண்டில் பாரின் முனை, கிளட்ச் மற்றும் பிரேக் லீவரின் குண்டு நுனி, ஃபுட்ரெஸ்டின் ஓரம், சைலன்சரின் அடிப்பக்கம் ஆகிய நான்கிலும் உரசல் இருக்கிறதா பாருங்கள். பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தூக்கி நிற்கும்படி ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி, ஹேண்டிலை இடம் வலமாக மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று ஓரிடத்தில் சிக்கி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) போய்விட்டது. அதே நிலையில் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம், ஆட்டம் தெரியக்கூடாது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டும். இவையெல்லாம் பேரம் பேச உதவும் குறைகள். ஃபிரேம் வளைவு அப்படி இல்லை. பத்தடி பின்னால் குனிந்து பாருங்கள், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் இல்லையென்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2621 என்றால் 2021-ன் 26-வது வாரம் தயாரானது. பட்டை தேயாமல் இருந்தாலும் அந்த வயது டயரில் ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடும். அப்படி இருந்தால் மழையில் பிடிக்காது, இரண்டு டயரின் விலையைக் கழித்துக் கேளுங்கள். வெள்ளத்தில் கிடந்த வண்டியா என்ற சந்தேகம் வந்தால் சீட்டைக் கழற்றுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முங்கிய வண்டிகள் எந்த ஊர்ச் சந்தைக்கும் வந்திருக்கலாம். ஒயரிங் கனெக்டருக்குள் பச்சைப் பூஞ்சணம்போலத் துரு, பேட்டரிப் பெட்டியின் மூலையில் காய்ந்த வண்டல், இரண்டையும் எந்த வாட்டர் வாஷும் முழுதாக அகற்றாது.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மட்டும் வேறு ஆழத்தில் குத்தியிருந்தாலும் வேண்டாம். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர், இன்ஷூரன்ஸ் தேதி, பைனான்ஸ் விவரம் வந்துவிடும். அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று இ-செலான் தளத்தில் தனியாகப் பாருங்கள். ஒரிஜினல் சாவி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வண்டி திருடு போனால் இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று இல்லையென்றால் அங்கேயே இழுபறி தொடங்கும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். புல்லட்டாக இருந்தால் இதோடு பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) எச்.பி. கேன்சலுக்கான, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குவதற்கான, படிவம் 35-ம் சேர்ந்துகொள்ளும். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்வதை நம்பி யாரும் பணம் கொடுக்கக்கூடாது. ‘மாத்திக்கலாம் சார், மெதுவா’ என்று விற்பவர் இழுத்தால் அவருக்கு ஒன்றை நினைவூட்டுங்கள்: ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அவசரம் உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் இருக்க வேண்டும்.

இனி, ‘2026 வரை இன்ஷூரன்ஸ் இருக்கு’ என்ற பேச்சு. பொய் இல்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்குதான் உண்மை.

2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டியை முதலிலேயே எடுத்தாக வேண்டும். 2021 ஆகஸ்டில் வாங்கிய வண்டிக்கு 2026 ஆகஸ்ட் வரை இருப்பது அதுதான். சொந்தச் சேதத்துக்கான பகுதியை, அதாவது ஓ.டி.யை, வழக்கமாக ஒரு வருடத்துக்குத்தான் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டாம் வருடம் அதைப் புதுப்பிக்காமல் விடுபவர்கள் ஏராளம். பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு பகுதிக்கும் தேதிகள் தனித்தனியே அச்சாகியிருக்கும். ஓ.டி.யின் முடிவுத் தேதி 2022 ஆகஸ்ட் என்றிருந்தால், வண்டி திருடு போனாலும் எரிந்தாலும் வெள்ளத்தில் போனாலும் ஒரு ரூபாய் வராது. மூன்றாவது பகுதி உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அது பழைய உரிமையாளரின் உயிருக்கானது, வண்டியோடு சேர்ந்து உங்களுக்கு வராது.

வண்டி கைமாறும்போது தேர்ட் பார்ட்டி மட்டும் தானாகவே வாங்கியவர் பெயருக்கு மாறியதாகக் கருதப்படும், இது மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவு. ‘ஒண்ணும் பண்ண வேண்டாம்’ என்று உரிமையாளர் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அதே பிரிவு, கைமாறிய 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஓ.டி.க்கு இந்தத் தானியங்கி மாற்றமே கிடையாது என்பதை 1995-லேயே சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது. ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி பழையவர் பெயரில் என்று இருக்கும் நாட்களில் வண்டி போனால், இழப்பு உங்களுடையது, பாலிசி அவருடையது. இருவருக்கும் கிளெய்ம் கிடைக்காது. எங்கள் மேஜைக்கு வரும் பழைய பைக் நிராகரிப்புகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

செய்ய வேண்டிய வரிசை இது. விற்பனை ரசீது, படிவம் 29, 30 ஆகியவற்றின் நகல், ஆர்.டி.ஓ. விண்ணப்ப ரசீது, உங்கள் கே.ஒய்.சி., புது புரொபோசல் படிவம் எல்லாவற்றையும் 14 நாளுக்குள் பழைய நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஆர்.சி. கைக்கு வரக் காத்திருக்காதீர்கள். வந்ததும் அதன் நகலைத் தனியாக அனுப்பலாம். ஓ.டி. உயிரோடு இருந்து, அதில் பழையவருக்கு நோ கிளெய்ம் போனஸ் கழித்திருந்தால், மீதிக் காலத்துக்கான அந்தத் தொகையை உங்களிடம் வாங்குவார்கள். அது நியாயமான வசூல்தான், ஏமாற்று இல்லை. ஓ.டி. இல்லையென்றால், தேர்ட் பார்ட்டி உங்கள் பெயருக்கு மாறியபின் தனி ஓ.டி. பாலிசி எடுக்கலாம், வேறு நிறுவனத்திலும் எடுக்கலாம். ஓ.டி. காலாவதியான வண்டி என்பதால் நேரில் அல்லது வீடியோவில் வண்டியைப் பார்த்த பிறகே தருவார்கள். 15 லட்ச விபத்துக் காப்பீட்டையும் உங்கள் பெயரில் அப்போதே எடுத்துவிடுங்கள். சரியான லைசென்ஸ் இல்லாமல் அது செல்லாது என்பதால்தான் முதலில் லைசென்ஸைப் பற்றிச் சொன்னேன்.

தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்துக்குப் போதும். அதுவும் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், சிறைக்கும் வழி உண்டு. ஆனால் யாரும் நினைத்துப் பார்க்காத ஓட்டை ஒன்று அதில் இருக்கிறது: பின்னால் உட்கார்ந்திருப்பவர். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாலிசியில் பைக்கின் பின் சீட்டில் இருப்பவர் அடங்கமாட்டார் என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் தீர்ப்பானது. தேர்ட் பார்ட்டியும் ஓ.டி.யும் சேர்ந்த முழு பாலிசியில் அவர் அடங்குவார். அம்மாவையோ நண்பரையோ ஏற்றிப்போகும் எண்ணம் இருந்தால், முழு பாலிசி எடுக்க இந்த ஒரு காரணமே போதும். தனி ஓ.டி. எடுப்பதாக இருந்தால், பின் சீட்டுக்காரர் எந்தப் பாலிசியில் வருகிறார் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேவைப்பட்டால் அவருக்கான விபத்துக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்கலாம்.

பிரீமியத்தில் ஒரு வேடிக்கை. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, ஒரு வருடத் தேர்ட் பார்ட்டிக்கு 75-க்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. யூனிகார்ன் பார்க்கச் சாதுவான வண்டி. ஆனால் 2020-க்குப் பிந்திய மாடல் 162.7 சிசி. ஆகவே அதற்கும் புல்லட்டுக்கும் ஒரே கட்டணம். 149.5 சிசி பல்சர் 150-க்கு ஏறக்குறைய பாதிதான். சேமிக்க நினைப்பவர் சிசியை இப்படிப் பார்க்க வேண்டும்.

ஓ.டி. கிளெய்மில் கைக்கு எவ்வளவு வரும்? ஒரு கணக்குக்காக, வண்டி இடப்பக்கம் விழுந்து ஹெட்லைட், இண்டிகேட்டர், மட்கார்டு என்று பிளாஸ்டிக் 4,000 ரூபாய், ஹேண்டில் பார், லீவர், ஃபுட்ரெஸ்ட் என்று உலோகம் 3,000, கூலி 800 என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக்குக்கு எப்போதுமே பாதி கழிப்பார்கள், 2,000 வரும். நான்கு முதல் ஐந்து வயது வண்டியின் உலோகத்துக்கு 35 சதவீதம் கழியும், 1,950 வரும். கூலி முழுசாக 800. ஆக 7,800 ரூபாய் பில்லுக்கு 4,750. அதிலும் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, கொஞ்சம் போகும். அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய 20 சதவீத போனஸும் போய்விடும். இதனால் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல கிராஷ் கார்டு ஒன்று மாட்டினால், முதல் வருடத்தில் வண்டி விழும் தடவைகளில் பாதிக்குப் பில்லே வராது. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ சேர்க்கையை வண்டிக்கு ஐந்து வயது ஆவதற்குள் கொடுத்தால் முதல் வருடம் மட்டும் எடுக்கலாம். மற்ற சேர்க்கைகளை விட்டுவிடுங்கள்.

ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் குறிக்கும் வண்டியின் மதிப்பை, மட்டும் குறைக்கச் சம்மதிக்காதீர்கள். திருட்டு போனால் அதுதான் உச்சத் தொகை. பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாக முடித்துவிடுவார்கள். நூறு இருநூறு பிரீமியம் குறையும் என்று ஏஜென்ட் அதை இறக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னொன்று: சாயங்காலம் பகுதி நேரமாக உணவு டெலிவரி செய்யும் யோசனை இருந்தால் நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள். சொந்த உபயோகப் பாலிசியில் வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது விலக்கு. டெலிவரி பை தோளில் இருக்கும்போது நடந்த விபத்து என்றால் கிளெய்ம் போய்விடும்.

அப்பாவின் 50 சதவீத போனஸ் உங்களுக்கு வராது. நோ கிளெய்ம் போனஸ் வண்டியைச் சேர்ந்தது இல்லை, பாலிசி வைத்திருப்பவரைச் சேர்ந்தது. அப்பா ஸ்கூட்டரை விற்று அவர் பெயரிலேயே வேறு இருசக்கர வாகனம் வாங்கினால் அவருக்கு மாறும். அதற்காக யூனிகார்னை அப்பா பெயரில் வாங்கலாமா என்று யோசிக்காதீர்கள்: அப்படி வாங்கினால் ஓட்டுவது நீங்கள், 15 லட்ச விபத்துக் காப்பீடு அப்பாவுக்கு என்றாகிவிடும். உங்கள் போனஸ் பூஜ்ஜியத்தில் தொடங்கும். கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒவ்வொரு வருடமும் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்துவிட வேண்டும். தாண்டினால் சேர்ந்ததெல்லாம் அழிந்து மறுபடி பூஜ்ஜியம்.